ஹார்மோன் மாத்திரை: ஐந்து வருட சிகிச்சை தொடங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டியவை

அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்தபிறகு, கடைசியாக ஒரு சின்ன மாத்திரையின் பெயர் எழுதிய சீட்டு கைக்கு வரும். "தினம் ஒன்று, ஐந்து வருஷம் சாப்பிடுங்கள்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சிகிச்சை முடிந்தது என்று சுற்றியிருப்பவர்கள் பெருமூச்சு விடுகிற அதே நாளில்தான் மார்பகப் புற்றுநோய் வந்தவருக்கு இருப்பதிலேயே நீளமான சிகிச்சை தொடங்குகிறது. கீமோவுக்கு முன் முடி கொட்டும், வாய்ப்புண் வரும், காய்ச்சல் வந்தால் உடனே ஓடி வா என்று பத்துப் பேர் சொல்கிறார்கள். இந்த மாத்திரைக்கு அப்படி யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. நாலைந்து மாதம் கழித்து ஒரு காலையில் கட்டிலை விட்டு இறங்கிக் கால் ஊன்ற முடியாமல் போகும்போது, நோய் எலும்புக்குப் பரவிவிட்டதோ என்ற பயத்தில்தான் முதல் தூக்கம் போகிறது. எலும்பு டாக்டர், வாத நோய்ப் பரிசோதனை, ஸ்கேன் என்று அலைந்து மாதக்கணக்கில் காலமும் பணமும் கரைந்தபிறகு, "இது அந்த மாத்திரையால் வருவதுதான்" என்று யாரோ சாதாரணமாகச் சொல்வார்கள். அந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று வருகிற கோபம் நியாயமானது. அதனால்தான் இதை வரிசையாக, ஒளிக்காமல் எழுதுகிறேன்.

முதலில் பயாப்ஸி ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். இ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி) அல்லது பி.ஆர். (புரோஜெஸ்டிரான் ஏற்பி) பாசிட்டிவ் என்று இருந்தால், அந்தப் புற்றுநோய்ச் செல்கள் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு வளர்பவை. நாலில் மூன்று பேருக்கு ஏறக்குறைய இந்த வகைதான். மருந்துகள் இதை இரண்டு வழியில் தடுக்கின்றன. டமாக்சிஃபென், தினம் 20 மில்லிகிராம், ஈஸ்ட்ரோஜன் போய் ஒட்டும் இடத்தைத் தானே அடைத்துக்கொள்கிறது. ஆனால் உடம்பு முழுக்க ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை: மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிறது, கருப்பையின் உட்சுவரில் ஈஸ்ட்ரோஜன் போலவே வேலை செய்கிறது, ஈரலிலும் ரத்தம் உறையும் தன்மையிலும் அதே போலத்தான். இதன் நல்லது கெட்டது இரண்டும் இந்த இரட்டைக் குணத்திலிருந்தே வருகின்றன. இன்னொரு வகை அரோமடேஸ் தடுப்பான்கள்: லெட்ரோசோல் 2.5, அனஸ்ட்ரோசோல் 1, எக்ஸிமெஸ்டேன் 25 மில்லிகிராம். மாதவிலக்கு நின்றபிறகும் கொழுப்புத் திசுவிலும் தசையிலும் அரோமடேஸ் என்ற நொதி கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். அந்தத் தயாரிப்பையே இவை நிறுத்திவிடுகின்றன. உடம்பில் ஈஸ்ட்ரோஜன் ஏறக்குறைய இல்லாமல் போவதால் மூட்டு, எலும்பு, பிறப்புறுப்பு எல்லாம் வறண்டு வலிக்கின்றன. உங்கள் சீட்டில் இருப்பது இந்த இரண்டில் எந்த வகை என்று தெரியாமல் பக்கவிளைவைப் பற்றி யார் சொல்வதையும் கேட்காதீர்கள். ஒரு வகைக்குச் சொல்வது மற்றதற்குப் பொருந்தாது.

பயமுறுத்தும் விஷயங்களுக்குப் போகும் முன் இந்த மாத்திரை என்ன தருகிறது என்பதையும் எண்ணிக்கையில் தெரிந்துகொள்வது நல்லது. உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011-இல் வெளியான கணக்கின்படி, ஐந்து வருடம் டமாக்சிஃபென் எடுத்த இ.ஆர். பாசிட்டிவ் பெண்களுக்கு, மாத்திரை சாப்பிடும் காலத்தில் நோய் திரும்புவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. முதல் 15 வருடத்தில் மார்பகப் புற்றுநோயால் இறப்பது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மாத்திரையை நிறுத்திய பிறகும் பல வருடம் அந்தப் பாதுகாப்பு தொடர்ந்தது. மாதவிலக்கு நின்றவர்களுக்கு அரோமடேஸ் தடுப்பான்கள் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே காக்கின்றன. அப்படியிருந்தும் மூன்றில் ஒருவராவது ஐந்து வருடத்தை முடிப்பதில்லை என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. பலர் டாக்டரிடம் சொல்லாமலேயே நிறுத்திவிடுகிறார்கள். வலி தாங்காமல் நிறுத்தியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் தாங்க முடியாத பக்கவிளைவுகளில் பெரும்பாலானவற்றுக்கு மாற்று வழி இருக்கிறது, கேட்டால்தான் அது கிடைக்கும்.

சீட்டை வாங்கிய அன்றே சில விஷயங்களை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள், அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உங்களுக்கோ பெற்றோர், உடன்பிறந்தவர்களுக்கோ காலில் ரத்தக் கட்டி, நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு, பக்கவாதம் வந்திருந்தால் அது டமாக்சிஃபெனா வேறா என்ற முடிவையே மாற்றும். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் சாப்பிடுபவராக இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். டமாக்சிஃபெனோடு சேரும்போது அதன் வேகம் கூடி ரத்தக்கசிவு வரலாம். கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி, கீமோவுக்கு முன் மாதவிலக்கு ஒழுங்காக இருந்ததா, குழந்தை பெறும் எண்ணம் இருக்கிறதா, முன்பு எலும்பு முறிந்ததா, கண்ணில் புரை இருக்கிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வு, தூக்கம், வலி இவற்றுக்குச் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலைக் கையில் எடுத்துப் போங்கள். அரோமடேஸ் தடுப்பான் என்றால் தொடங்கும்போதே எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன், வைட்டமின் டி அளவு, கொழுப்புப் பரிசோதனை மூன்றையும் கேளுங்கள். தொடக்கத்தில் எலும்பு எப்படி இருந்தது என்று தெரியாவிட்டால் இரண்டு வருடம் கழித்து எடுக்கும் ஸ்கேனில் தேய்மானம் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

மருந்துப் பட்டியலை இவ்வளவு வலியுறுத்துவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. டமாக்சிஃபெனை ஈரலில் உள்ள சிஒய்பி2டி6 என்ற நொதிதான் எண்டாக்சிஃபென் என்ற வீரியமான வடிவமாக மாற்றுகிறது. மனச்சோர்வுக்குத் தரும் பராக்ஸிட்டின், ஃப்ளூவாக்ஸிட்டின், புகைப்பழக்கத்தை விடவும் தரப்படும் புப்ரோபியான் ஆகியவை அந்த நொதியை வலுவாக முடக்குபவை. மாத்திரை தினமும் உள்ளே போகும், ஆனால் வேலை செய்யும் பகுதி குறைவாகவே உருவாகும். உடம்பில் எந்த அறிகுறியும் தெரியாது. வேறு ஒரு டாக்டர் வேறு ஒரு காரணத்துக்கு எழுதிய மருந்தால் இப்படி நடக்கலாம் என்பதால் ஒவ்வொரு புது மருந்துக்கும் "நான் டமாக்சிஃபென் சாப்பிடுகிறேன்" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். மனச்சோர்வுக்கு மருந்து தேவைப்பட்டால் வென்லாஃபாக்ஸின் போன்றவை அந்த நொதியை அதிகம் தொடுவதில்லை. மூலிகை என்று விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் போன்றவற்றையும் சொல்லாமல் எடுக்கக் கூடாது, அவை மருந்து உடம்பில் தங்கும் அளவையே குறைக்கும். ஏற்கெனவே சாப்பிட்டுவரும் மனச்சோர்வு மருந்தை இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். அது படிப்படியாகத்தான் குறைக்கப்பட வேண்டும்.

முதல் சில வாரங்களில் பெரும்பாலானவர்களுக்குத் தெரிவது ஹாட் ஃப்ளாஷ். நெஞ்சிலிருந்து கழுத்து, முகம் என்று திடீரென அனல் ஏறி, வேர்த்து ஊற்றி, சில நிமிடத்தில் குளிர் எடுக்கும். இரவில் வந்தால் தூக்கம் துண்டுதுண்டாகி, மறுநாள் எரிச்சலும் மறதியும் கூடவே வரும். பல பேருக்குச் சில மாதத்தில் கொஞ்சம் தணியும், சிலருக்குத் தணியாது. மாத்திரை நேரத்தைக் காலையிலிருந்து இரவுக்கோ இரவிலிருந்து காலைக்கோ மாற்றிப் பார்ப்பதில் நட்டமில்லை, பலன் குறையாது. அடுக்கடுக்காகக் கழற்றக்கூடிய பருத்தி உடை, குளிர்ந்த படுக்கையறை, மது, சூடான பானம், காரம் இவற்றில் எது தூண்டுகிறது என்று இரண்டு வாரம் குறித்துவைப்பது, இவை உதவும். போதாவிட்டால் மருந்தே இருக்கிறது: வென்லாஃபாக்ஸின் 37.5 மில்லிகிராமில் தொடங்கி 75 வரை, இரவில் மட்டும் தொல்லை என்றால் கபாபென்டின், அல்லது ஆக்ஸிபியூட்டினின். மனநல நிபுணர் தரும் அறிவாற்றல் நடத்தைப் பயிற்சியும் ஹாட் ஃப்ளாஷால் வரும் தொல்லையைக் குறைக்கிறது என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஹார்மோன் மாற்று சிகிச்சை மட்டும் கூடாது. நிறுத்த முயலும் ஹார்மோனையே அது திரும்பக் கொடுக்கிறது.

டமாக்சிஃபெனில் அரிதானாலும் உயிருக்கு ஆபத்தானது ரத்தம் உறைவது. ஆழமான சிரைகளில் கட்டி உருவாகும் அபாயம் இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது. முதல் இரண்டு வருடத்தில்தான் அதிகம். இந்த அறிகுறிகளை வீட்டில் உள்ள எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்: ஒரு கால் மட்டும் வீங்குவது, கெண்டைக்காலில் வலி, தொட்டால் சூடு, சிவப்பு, திடீர் மூச்சுத்திணறல், மூச்சை உள்ளே இழுக்கும்போது குத்தும் நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், முகம் ஒரு பக்கம் கோணுவது, பேச்சுக் குழறுவது, ஒரு கை பலவீனமாவது. இவற்றில் எது வந்தாலும் அடுத்த வாரம் செக்கப் இருக்கிறதே என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், முதல் வாக்கியத்திலேயே டமாக்சிஃபென் சாப்பிடுவதைச் சொல்லுங்கள். மணிக்கணக்கில் உட்கார்ந்து பயணம் போவதென்றால் இடையிடையே எழுந்து நடப்பது, தண்ணீர் குடிப்பது, டாக்டர் சொன்னால் அழுத்தம் தரும் காலுறை போடுவது அவசியம். படுக்கையில் நாள்கணக்கில் கிடக்க வைக்கும் அறுவை சிகிச்சை திட்டமிட்டால் டமாக்சிஃபெனைச் சில வாரம் முன்பே, பொதுவாக மூன்று வாரம், நிறுத்திவைப்பது வழக்கம். அறுவை செய்பவருக்கும் ஆன்காலஜிஸ்ட்டுக்கும் (புற்றுநோய் டாக்டர்) இடையில் இந்தச் செய்தி பல நேரம் போய்ச் சேருவதில்லை. தேதி குறித்தவுடன் இருவரிடமும் நீங்களே கேட்டுவிடுங்கள்.

கருப்பை விஷயத்தில் தேவையற்ற பயம், தேவையற்ற அலட்சியம் இரண்டையும் பார்க்க முடிகிறது. கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் டமாக்சிஃபெனால் இரண்டு மூன்று மடங்காகிறது என்று படித்ததும் பலர் மாத்திரையைத் தூக்கிப் போடுகிறார்கள். மடங்கு பெரிதாகத் தெரிந்தாலும் அடிப்படை எண்ணிக்கை சிறியது: வருடத்துக்கு ஆயிரம் பெண்களில் ஒருவருக்கும் குறைவாக வருவது, இரண்டு பேர் அளவுக்குப் போகிறது. அதுவும் மாதவிலக்கு நின்றவர்களிடம்தான். மாதவிலக்கு நிற்காத இளம் வயதினரிடம் இந்த அபாயம் பெரிதாகக் கூடுவதாகத் தெரியவில்லை. பெரும்பாலும் ஆரம்ப நிலையிலேயே ரத்தப்போக்காக வெளியே தெரிந்துவிடும். ஆகவே விதி எளிது. மாதவிலக்கு நின்றவருக்கு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், பழுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ கசிந்தாலும், அந்த வாரமே கைனகாலஜிஸ்ட்டிடம் போக வேண்டும். மாதவிலக்கு வருபவருக்கு இடையில் கசிவதோ வழக்கத்தைவிட அதிகம் போவதோ அதே போலத்தான். நிறம் இல்லாத வெள்ளைப்போக்கு மட்டும் என்றால் அது டமாக்சிஃபெனில் சாதாரணம். மறுபக்கம், எந்த அறிகுறியும் இல்லாமல் வருடாவருடம் ஸ்கேன் எடுப்பதால் நன்மை இல்லை. டமாக்சிஃபென் கருப்பை உட்சுவரைத் தடித்ததுபோலக் காட்டும். அந்தத் தடிப்பைப் பார்த்துப் பயாப்ஸி, மயக்க மருந்து, கருப்பையைச் சுரண்டி எடுப்பது என்று போய், கடைசியில் ஒன்றுமில்லை என்று வரும். ரத்தப்போக்கு இருந்தால் ஸ்கேனோடு நிறுத்தாமல் பயாப்ஸி செய்ய வேண்டும், ரத்தப்போக்கு இல்லாவிட்டால் அளவை மட்டும் வைத்துத் தூக்கம் தொலைக்க வேண்டியதில்லை.

டமாக்சிஃபெனின் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணில் புரை சீக்கிரம் வரலாம், மிக அரிதாக விழித்திரை பாதிக்கப்படலாம், எனவே பார்வை மங்கினால் கண் டாக்டர். கொழுப்பு படிந்த ஈரல் கூடலாம், ட்ரைகிளிசரைடு ஏறலாம், ஈரல் பரிசோதனையை அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது. மார்பகப் புற்றுநோய் வந்த ஆண்களுக்கும் இதே மாத்திரைதான் தரப்படுகிறது. அவர்களுக்கும் ரத்தக் கட்டி அபாயம் உண்டு, தாம்பத்திய ஆர்வம் குறைவதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டே பலர் நிறுத்திவிடுகிறார்கள்.

இனி குழந்தை பெறும் வயதில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது. டமாக்சிஃபென் கருத்தடை மாத்திரை இல்லை. மாதவிலக்கு தாறுமாறானாலும், நின்றே போனாலும், கருமுட்டை வெளியாகலாம், சில நேரம் இந்த மருந்தே அதைத் தூண்டும். கருவில் உள்ள குழந்தைக்கு இது கேடு. ஆணுறை, காப்பர் டி போன்ற ஹார்மோன் இல்லாத கருத்தடை கட்டாயம். குழந்தை வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 2023-இல் வெளியான பாசிட்டிவ் என்ற ஆய்வில், 18 முதல் 30 மாதம் ஹார்மோன் சிகிச்சை எடுத்த பெண்கள் அதிகபட்சம் இரண்டு வருடம் நிறுத்திக் கருத்தரிக்க முயன்றார்கள். அடுத்த சில வருடங்களில் நோய் திரும்புவது அவர்களுக்குக் கூடவில்லை. மருந்து உடம்பை விட்டு நீங்க அந்த ஆய்வில் மூன்று மாதம் விட்டார்கள், சில வழிகாட்டிகள் ஒன்பது மாதம் என்று சொல்கின்றன. இந்தப் பேச்சைச் சிகிச்சையின் தொடக்கத்திலேயே எடுத்துவிடுவது நல்லது, கீமோவுக்கு முன் என்றால் கருமுட்டையைச் சேமிக்கவும் நேரம் கிடைக்கும்.

அரோமடேஸ் தடுப்பான்களில் பலர் விழும் ஒரு பொறி உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கீமோவுக்குப் பிறகு மாதவிலக்கு நின்றுவிட்டால் மெனோபாஸ் வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கீமோவால் நிற்பது நிரந்தரமாக இல்லாமல் போகலாம், முக்கியமாக நாற்பதுகளில் இருப்பவர்களுக்கு. சினைப்பை இன்னும் உயிரோடு இருக்கும்போது லெட்ரோசோல் கொடுத்தால் ஈஸ்ட்ரோஜன் குறைந்ததை மூளை உணர்ந்து சினைப்பையை முடுக்கிவிடும். கருத்தரிப்பு சிகிச்சையில் லெட்ரோசோலைக் கொடுப்பதே இதற்காகத்தான். அப்போது ஈஸ்ட்ரோஜன் ஏறும், மாத்திரை வேலை செய்யாது, கர்ப்பம்கூட ஆகலாம். ஆகவே இந்த வகையில் இருக்கும்போது ரத்தப்போக்கு வந்தால், அல்லது ஹாட் ஃப்ளாஷ் திடீரென முழுவதும் மறைந்துபோனால், உடனே சொல்லி ரத்தத்தில் எஸ்ட்ராடியால் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வடிவம்) அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண லேப் முறை மிகக் குறைந்த அளவுகளைச் சரியாகக் காட்டாது. எல்.சி.எம்.எஸ். என்னும் நுட்பமான முறையில் செய்யச் சொல்ல வேண்டும்.

மாதவிலக்கு நிற்காதவர்களுக்கு அரோமடேஸ் தடுப்பான் தர வேண்டுமானால் சினைப்பையை அடக்கும் ஊசியும் சேர வேண்டும். கோசெரலின் 3.6 மில்லிகிராம் 28 நாளுக்கு ஒருமுறை வயிற்றுத் தோலுக்கடியில், அல்லது லூப்ரோலைடு, ட்ரிப்டோரெலின் 3.75 மில்லிகிராம் மாதாமாதம். கோசெரலின் ஒரு சிறு குச்சி வடிவில் தோலுக்கடியில் வைக்கப்படுவதால் ஊசி தடிமனாக இருக்கும். முன்கூட்டி மரத்துப்போகும் களிம்போ ஐஸ் கட்டியோ வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு முறையும் வயிற்றின் வேறு பக்கத்தில் போடச் சொல்லலாம். முதல் ஊசிக்குப் பிறகு ஹார்மோன் சில நாள் ஏறிப் பின்னரே இறங்கும். 28 நாள் என்றால் 28 நாள்தான். ஊருக்குப் போகிறோம், விசேஷம் இருக்கிறது என்று ஒரு வாரம் தள்ளினால் சினைப்பை விழித்துக்கொள்ளலாம். இயற்கையாக வருடக்கணக்கில் நடக்க வேண்டிய மெனோபாஸ் இங்கே சில வாரத்தில் நடந்து முடிகிறது. முப்பத்தைந்து வயதில் உடம்பு இப்படி ஆகிவிட்டதே என்று அழுதால் அது பலவீனம் இல்லை.

இப்போது மூட்டு வலி. அரோமடேஸ் தடுப்பான் எடுப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதாவது ஓர் அளவில் இது வருகிறது. பொதுவாக இரண்டு மூன்று மாதத்தில் தொடங்கி ஆறு மாதத்தில் உச்சத்துக்குப் போகும். காலையில் விரல்களை மடக்க முடியாது, மூடியைத் திருகித் திறக்க முடியாது, உட்கார்ந்து எழுந்தால் முதல் பத்து அடிக்குக் கால் முட்டி பிடித்துக்கொள்ளும். விரல் மடங்கிச் சொடுக்கென்று நிமிர்வதும் மணிக்கட்டு நரம்பு அழுந்தி இரவில் கை மரத்துப்போவதும் உண்டு. எலும்புக்குப் பரவிய நோயிலிருந்து இதைப் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது: மாத்திரையால் வரும் வலி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, பல மூட்டுகளில், காலையில் மோசமாக இருந்து நடமாடினால் தளரும். ஒரே இடத்தில், முதுகெலும்பிலோ இடுப்பிலோ விலாவிலோ, ஓய்விலும் இரவிலும் குறையாமல் வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகும் வலி வேறு. அதற்கு ஸ்கேன் கேட்கத் தயங்கக் கூடாது. முதுகு வலியோடு கால் பலவீனமாவதோ சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழப்பதோ இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வலிக்கிறதே என்று படுத்துவிட்டால் விறைப்பு இன்னும் கூடும் என்பதை நம்புவதற்குக் கடினமாக இருக்கும், ஆனால் ஆய்வுகள் அதைத்தான் காட்டுகின்றன. 2015-இல் வெளியான ஹோப் ஆய்வில், வாரம் 150 நிமிடம் வேக நடை போன்ற பயிற்சியும் வாரம் இருமுறை எடை தூக்கும் பயிற்சியும் ஒரு வருடம் செய்தவர்களுக்கு மிக மோசமான வலியின் அளவு 29 சதவீதம் குறைந்தது. பத்து நிமிட நடையில் தொடங்கி வாரம் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். முதல் மூன்று வாரம் பலனே தெரியாது. வைட்டமின் டி குறைவாக இருந்தால் ஈடுகட்டுங்கள். தினசரி வலி மாத்திரையாகப் பாரசிட்டமால் சரி, ஆனால் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை மாதக்கணக்கில் தாமாக வாங்கிப் போட்டால் சிறுநீரகமும் வயிறும் கெடும். மனச்சோர்வு மருந்தான டுலாக்ஸிட்டின், அக்குபங்சர் இரண்டுக்கும் முறையான ஆய்வில் ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: டுலாக்ஸிட்டினும் முன்பு சொன்ன சிஒய்பி2டி6 நொதியை மிதமாக முடக்குவது, எனவே டமாக்சிஃபெனுக்கு மாறினால் அதை மறுபடி பரிசீலிக்க வேண்டும். இவ்வளவும் செய்து பலனில்லை என்றால் டாக்டரின் சம்மதத்தோடு இரண்டு முதல் நான்கு வாரம் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம். வலி குறைந்தால் குற்றவாளி இதுதான் என்று உறுதி. பிறகு அதே வகையில் வேறு மருந்து தொடங்கலாம். லெட்ரோசோலைத் தாங்காத பலர் எக்ஸிமெஸ்டேனையோ அனஸ்ட்ரோசோலையோ தாங்குகிறார்கள், எந்த உடம்புக்கு எது ஒத்துவரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. எக்ஸிமெஸ்டேன் என்றால் உணவுக்குப் பிறகு சாப்பிட வேண்டும். மூன்றும் ஒத்துவராவிட்டால் டமாக்சிஃபென் இருக்கிறது. "வேறு வழியில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்ற பதிலை முதல் தடவையே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

எலும்பு சத்தமில்லாமல் தேயும். அரோமடேஸ் தடுப்பானில் வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் எலும்பு அடர்த்தி போகிறது. சினைப்பையை அடக்கும் ஊசியும் சேர்ந்த இளம் வயதினருக்கு அதைவிட வேகமாக. 2015-இல் வெளியான ஒப்பீட்டில் ஐந்து வருடத்தில் எலும்பு முறிந்தவர்கள் டமாக்சிஃபெனில் 5.5 சதவீதம், அரோமடேஸ் தடுப்பான்களில் 8.2 சதவீதம். டெக்ஸா ஸ்கேன் ஒன்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேண்டும், முடிந்தால் அதே இயந்திரத்தில். வேறு வேறு இயந்திரத்தின் எண்களை ஒப்பிடுவது சரிவராது. அந்த ஸ்கேன் காட்டும் டி ஸ்கோர் மைனஸ் 1 முதல் மைனஸ் 2.5 வரை என்றால் எலும்பு மெலிவு, மைனஸ் 2.5-க்குக் கீழே என்றால் ஆஸ்டியோபோரோசிஸ். உணவில் கிடைப்பதையும் சேர்த்துக் கால்சியம் தினம் 1000 முதல் 1200 மில்லிகிராம் போதும், அதற்கு மேல் மாத்திரையாகக் கொட்டினால் சிறுநீரகக் கல்தான் மிஞ்சும். மைனஸ் 2-க்கு அருகில் வரும்போதே எலும்பு மருந்து பற்றிப் பேச வேண்டும். சோலெட்ரோனிக் ஆசிட் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 4 மில்லிகிராம் ட்ரிப்ஸாக ஏற்றுகிறார்கள். மாதவிலக்கு நின்றவர்களுக்கு இது எலும்பில் நோய் திரும்புவதையும் குறைக்கிறது. முதல் தடவை ஏற்றியபின் ஒன்று முதல் மூன்று நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும், பயப்படாமல் தண்ணீரும் பாரசிட்டமாலும் எடுத்தால் அடங்கும். ஏற்றும் முன் கிரியாட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை), கால்சியம், வைட்டமின் டி பார்க்க வேண்டும். பல் பிடுங்க வேண்டியிருந்தால் இந்த மருந்தைத் தொடங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள், பிறகு செய்தால் அரிதாகத் தாடை எலும்பு ஆறாமல் போகும்.

டாக்டர் அறையில் யாரும் வாய் திறக்காத விஷயம் பிறப்புறுப்பு வறட்சி. எரிச்சல், உடலுறவில் கீறுவது போன்ற வலி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று எல்லாம் இதன் முகங்கள். கணவனிடம் ஆசை போய்விட்டது என்று இருவரும் தனித்தனியாக நினைத்து விலகுகிற வீடுகளில் உண்மையான காரணம் பெரும்பாலும் இந்த வலிதான். ஹார்மோன் இல்லாத ஈரப்பதக் களிம்பை வாரம் மூன்று முதல் ஐந்து தடவை, உறவு இருக்கிறதோ இல்லையோ, தொடர்ந்து பயன்படுத்த வேண்டும். உறவின்போது தனியாக வழுக்கும் ஜெல், வாசனை சேர்க்காதது, நீர் அல்லது சிலிகான் அடிப்படையில். ஆணுறை பயன்படுத்துபவர்கள் எண்ணெய் தடவினால் ரப்பர் கிழியும். இடுப்புத்தளத் தசைப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட்டும் உதவுவார். உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன் களிம்பைக் கைனகாலஜிஸ்ட் எழுதினால் ஆன்காலஜிஸ்ட்டிடம் காட்டாமல் தொடங்காதீர்கள், முக்கியமாக அரோமடேஸ் தடுப்பானில் இருக்கும்போது.

முடி மெலிவது, எடை கூடுவது, எதிலும் மனம் ஒட்டாமல் போவது, சொல்ல வந்த சொல் நாக்கில் நின்றுவிடுவது, இவையும் உண்டு. மனம் இரண்டு வாரத்துக்கு மேல் இருண்டே கிடந்தால் அதைத் தனி நோயாகக் கருதி உதவி தேட வேண்டும். ஒரு வேளை மாத்திரை மறந்தால் அன்று நினைவு வந்தபோது சாப்பிடுங்கள். மறுநாள் இரண்டாகச் சாப்பிட வேண்டாம்.

நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்கு இப்போது கூடவே, புற்றுநோய்ச் செல் பெருகுவதைத் தடுக்கும் மாத்திரைகளான அபெமாசிக்ளிப் இரண்டு வருடம் அல்லது ரைபோசிக்ளிப் மூன்று வருடம் தருகிறார்கள். அபெமாசிக்ளிப்பில் முதல் வாரத்திலேயே வயிற்றுப்போக்கு வரும். முதல் இளகலிலேயே வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு எடுக்கும்படி வீட்டில் தயாராக வைத்திருக்க வேண்டும். ரைபோசிக்ளிப்பில் ஈ.சி.ஜி., ரத்த அணுக்கள், ஈரல் மூன்றையும் கவனிப்பார்கள், அதை டமாக்சிஃபெனோடு சேர்ப்பதில்லை.

ஐந்து வருடம் முடியும்போது அடுத்த முடிவு காத்திருக்கும்: நிறுத்துவதா, தொடர்வதா. 2012-இல் வெளியான அட்லஸ் ஆய்வில் டமாக்சிஃபெனைப் பத்து வருடம் எடுத்தவர்களில், ஐந்தாம் வருடத்திலிருந்து பதினான்காம் வருடம் வரை மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 12.2 சதவீதம், ஐந்தோடு நிறுத்தியவர்களில் 15 சதவீதம். அதே காலத்தில் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் 1.6 சதவீதத்திலிருந்து 3.1 சதவீதமானது. அக்குளில் நெறிக்கட்டியில் நோய் இருந்தவருக்கும் ஒரு சென்டிமீட்டர் கட்டி மட்டும் இருந்தவருக்கும் இந்தக் கணக்கு ஒன்றல்ல. உங்கள் ரிப்போர்ட்டை வைத்து, "தொடர்ந்தால் எனக்கு நூற்றில் எத்தனை கூடுதல் நன்மை, எத்தனை கூடுதல் கேடு" என்று எண்ணாகவே கேளுங்கள். டமாக்சிஃபெனை நிறுத்திய பிறகு வரும் ரத்தப்போக்கையும் அதே அக்கறையோடு காட்ட வேண்டும். எலும்புக்கு டெனோசுமாப் 60 மில்லிகிராம் ஊசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டிருந்தவர்கள், ஹார்மோன் மாத்திரை முடிந்ததென்று அந்த ஊசியையும் சேர்த்து விட்டுவிடக் கூடாது. அதை விட்ட சில மாதத்தில் எலும்பு வேகமாகக் கரைந்து முதுகெலும்பில் ஒரே சமயத்தில் பல முறிவுகள் வருகின்றன. கடைசி ஊசியிலிருந்து ஆறாவது மாதத்தில் சோலெட்ரோனிக் ஆசிட் போன்ற மாற்று மருந்துக்கு இப்போதே தேதி வாங்கிவையுங்கள்.